வளைவில் வெளியேறும் ஒளி

(திருவொற்றியூரில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. ஒரு கண்ணாடி இழை. அதன் குறுக்களவு 125 மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அந்த இழையை வளைத்தால் உள்ளே ஓடும் ஒளியில் ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. எவ்வளவு வெளியேறுகிறது? ஏன் வெளியேறுகிறது? எந்த ஒளி முதலில் வெளியேறுகிறது? இந்த மூன்று கேள்விகளுக்காகத்தான் உங்களுடைய மாலைப்பொழுதைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். மூன்றாவது கேள்விதான் முக்கியமானது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டுக்கும் எல்லோரும் விடை வைத்திருக்கிறார்கள். மூன்றாவதை மறந்துவிட்டு வேலை பார்ப்பதால்தான் நம் பகுதியில் எத்தனையோ இணைப்புகள் காரணம் தெரியாமல் படுத்துவிடுகின்றன.

இதைப் பேச வடசென்னையைவிடப் பொருத்தமான இடம் எது? 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது நம் ராயபுரத்திலிருந்து. 1940களின் இறுதியில் எண்ணூரில் மோட்டார் தொழிற்சாலை வந்தது. 1969இல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. 2001இல் எண்ணூர்த் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கின; 2014 முதல் அது காமராஜர் துறைமுகம். ஒரு காலத்தில் இந்த இயந்திரங்களுக்கெல்லாம் கட்டளை சொன்னது செம்புக் கம்பி. இன்று பெரும்பாலும் சொல்வது ஒளி. கன்வேயர் ஓடட்டும் என்பதும், நிற்கட்டும் என்பதும், கேட்டில் நிற்கும் லாரியின் எண் என்ன என்பதும் ஒளியாகத்தான் ஓடுகின்றன.

ஃபைபர் என்றதும் நமக்குக் கடலடி கேபிள்தான் நினைவுக்கு வருகிறது. தவறில்லை. 2002இல் சென்னையையும் சிங்கப்பூரையும் ஒரு கேபிள் இணைத்தது. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னை–அந்தமான் கேபிள் திறக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். ஆனால் அந்தக் கேபிள்களுக்குள் இருப்பது சிங்கிள்மோடு ஃபைபர். ஒளி செல்லும் அதன் நடுப்பகுதி, அதாவது கோர், 9 மைக்ரான் அளவுதான். அதில் ஒளிக்கு ஒரே பாதை. தொழிற்சாலைக்குள்ளும் கட்டடங்களுக்குள்ளும் சில நூறு மீட்டர் ஓடுகிற இழை பல இடங்களில் வேறு ஜாதி. அதன் பெயர் மல்டிமோடு. கோர் 50 மைக்ரான், அல்லது பழைய கேபிளாக இருந்தால் 62.5 மைக்ரான். அகலமான கோர் என்பதால் இரு முனைகளைப் பொருத்துவது எளிது, ஒளிமூலமும் மலிவு. பக்கத்தில் பெரிய மோட்டார் ஓடினாலும், வெல்டிங் நடந்தாலும், மின்னல் அடித்தாலும் செம்பைப் போல அது இரைச்சலைப் பிடிக்காது. நான் இன்று பேசப்போவது இந்த மல்டிமோடு ஃபைபரைப் பற்றி.

இதில் ஒளிக்கு எத்தனை பாதைகள்? இன்று பரவலாகப் பயன்படும் 50 மைக்ரான் இழையில், 850 நானோமீட்டர் ஒளிக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏறத்தாழ 340 மோடுகள் வருகின்றன. ஒரே இழை; 340 வகையான பயணம். சில மோடுகள் கோரின் நடுவை ஒட்டியே செல்கின்றன. சில விளிம்பு வரை போய்த் திரும்பித் திரும்பிச் செல்கின்றன. விளிம்பில் செல்பவற்றின் ஒரு சிறு பகுதி கோருக்கு வெளியே, கிளாடிங் என்னும் கண்ணாடி உறைக்குள்ளும் நீண்டிருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அரங்க விளக்குகளைச் சற்றே அணைக்கச் சொல்கிறேன்.

என் கையில் இருப்பது மேலுறை நீக்கிய மல்டிமோடு இழை. ஒரு முனையில் சிவப்பு லேசர் விளக்கு; களத்தில் முறிவு தேடப் பயன்படுத்துவோமே, அதுதான். முதலில் இழையை நீட்டிப் பிடிக்கிறேன். எங்காவது சிவப்புத் தெரிகிறதா? இல்லை. இந்த அகலமான டப்பாவைச் சுற்றி வளைக்கிறேன். இப்போதும் இருட்டுத்தான். இனி இந்தப் பேனாவைச் சுற்றி நான்கு சுற்றுச் சுற்றுகிறேன். பார்த்தீர்களா? முதல் சுற்று தீப்பிழம்பாய் ஒளிர்கிறது. ஆனால் இரண்டாவது சுற்றைக் கவனியுங்கள். மங்கல். மூன்றாவது இன்னும் மங்கல். நான்காவதைக் கடைசி வரிசையில் இருப்பவர்கள் பார்க்கவே முடியாது. பேனா ஒன்றுதான். வளைவு ஒன்றுதான். இழையும் ஒன்றுதான். பின் ஏன் ஒவ்வொரு சுற்றும் ஒவ்வொரு விதமாக ஒளிர்கிறது?

விளக்கைப் போடலாம். நன்றி.

வளைவில் என்ன நடக்கிறது? நேரான இழையில் ஒரு மோடு முழுவதும் ஒரே வேகத்தில் முன்னேறுகிறது. இழை வளைந்ததும், வெளிப்பக்க விளிம்பில் இருக்கும் ஒளி அதே நேரத்துக்குள் கூடுதல் தூரம் கடந்தாக வேண்டும். மையத்திலிருந்து விலக விலக அந்தக் கூடுதல் தூரமும் வளர்கிறது. ஓரிடத்தில், கண்ணாடி உறைக்குள் ஒளி போகக்கூடிய வேகத்தையே மீறினால்தான் உடன்வர முடியும் என்னும் நிலை வந்துவிடுகிறது. ஒளியால் அது முடியாது. முடியாத பகுதி கூட்டத்தை விட்டுப் பிரிந்து, வளைவின் தொடுகோட்டில் வெளியே போய்விடுகிறது. நாம் பார்த்த சிவப்பு அதுதான்.

யார் முதலில் பிரிவார்கள்? காலை நேரத்தில் எண்ணூர் நெடுஞ்சாலையில் வரும் மாநகரப் பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். இருக்கையில் சிலர், நடுவில் நெருக்கியடித்துச் சிலர், படிக்கட்டில் தொங்கிக்கொண்டு சிலர். வண்டி சட்டென்று ஒரு வளைவில் திரும்பினால் விழுபவர் யார்? படிக்கட்டில் இருப்பவர்தான். அடுத்த வளைவும் அதே அளவு கூர்மையானதுதான்; ஆனால் படிக்கட்டில் இப்போது ஆளில்லை. எனவே அங்கே யாரும் விழவில்லை. கொஞ்ச தூரம் ஓடியதும் உள்ளே நெரிசலில் தள்ளுண்டு சிலர் மறுபடி படிக்கு வருகிறார்கள். அதற்கடுத்த வளைவு அவர்களைக் கேட்கிறது. மல்டிமோடு இழையில் நடப்பதும் இதுவே. விளிம்பு மோடுகள் முதல் வளைவில் போய்விடுகின்றன. இரண்டாம் வளைவில் இழப்பதற்கு அதிகம் மீதமில்லை. நீண்ட தூரம் சென்றபின், இழையில் உள்ள நுண்ணிய நெளிவுகளால் உள் மோடுகளின் ஒளி மெல்ல விளிம்புக்குக் கசிந்து, அடுத்த வளைவுக்கு இரையாகிறது.

பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டெட்லெஃப் குளோகே 1972இல் இதற்கு ஒரு கணக்குக் கொடுத்தார். வளைவின் ஆரம் குறையக் குறைய, இழையால் தாங்கக்கூடிய மோடுகளின் எண்ணிக்கை எப்படிக் குறையும் என்று சொல்லும் சூத்திரம் அது. அதில் நம் 50 மைக்ரான் இழையின் எண்களைப் போட்டுப் பாருங்கள். ஆரம் 1 சென்டிமீட்டர் அளவுக்கு வரும்போது ஏறத்தாழப் பாதி மோடுகள் இடமிழந்துவிடுகின்றன. கல்லூரி மாணவர்கள் வீட்டுக்குப் போனதும் இதைக் கையால் போட்டுப் பார்க்க வேண்டும். பெரிய கணிதம் ஒன்றும் வேண்டாம். ஒரு கால்குலேட்டர் போதும்.

பாதி மோடுகள் போனால் பாதி ஒளி போய்விடுமா? இங்கேதான் நான் ஆரம்பத்தில் சொன்ன மூன்றாவது கேள்வி வந்து நிற்கிறது. அந்த மோடுகளில் ஒளி இருந்தால்தானே போகும்! எல்.இ.டி. விளக்கு இழையின் எல்லா மோடுகளையும் நிரப்பிவிடும். இன்றைய அதிவேகக் கருவிகளில் இருக்கும் சிறு லேசர்களோ நடுப்பகுதி மோடுகளைத்தான் பெரும்பாலும் நிரப்புகின்றன. ஒரே இழை, ஒரே வளைவு, எல்.இ.டி. வைத்து அளந்தால் ஒரு லாஸ், லேசர் வைத்து அளந்தால் வேறொரு லாஸ். எது சரி? இரண்டும் சரி. எந்த ஒளியை உள்ளே அனுப்பினோம் என்று சொல்லாமல், வளைவில் இத்தனை டெசிபெல் போயிற்று என்று எழுதினால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. மல்டிமோடு வேலை பார்க்கும் தம்பிகள் தயவுசெய்து இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால்தான் அளவீட்டு விதிகளே வளைவைக் கருவியாக எடுத்துக்கொண்டன. சோதனைக்கு முன்பு, 50 மைக்ரான் இழையுள்ள 3 மில்லிமீட்டர் பேட்ச் கார்டை (கருவிகளை இணைக்கும் குட்டைக் கேபிளை) 22 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஓர் உருளையில் ஐந்து சுற்றுச் சுற்றச் சொன்னார்கள். எதற்கு? நிலையில்லாத விளிம்பு மோடுகளை வேண்டுமென்றே முன்கூட்டியே உதிர்த்துவிட்டு, எல்லோரும் ஒரே நிலையிலிருந்து அளக்கத் தொடங்க வேண்டும் என்பதற்கு. அந்த உருளையைத் தொலைத்துவிட்டு வெறுமனே அளந்து கையெழுத்துப் போட்ட அறிக்கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கும்.

வளைவில் போகும் ஒளி கொஞ்சம்தானே, அது போனால் போகட்டும் என்பீர்களா? கணக்கைப் பாருங்கள். மல்டிமோடு இழையில் 10 கிகாபிட் வேகத்தில் 300 மீட்டர் செல்லும் இணைப்புக்கு விதி அனுமதிக்கும் மொத்த இழப்பு 2.6 டெசிபெல். அதில் இழைக்கே 1.1 போய்விடும். இணைப்பு முனைகளுக்கு 1.5. கூட்டுங்கள். மீதி என்ன? ஒன்றுமில்லை. வளைவுக்கென்று அந்தக் கணக்கில் தனியாகப் பங்கே ஒதுக்கவில்லை. கருவிகள் அடுக்கிய ரேக்கின் மூலையில் கதவு நசுக்கும் ஒரு பேட்ச் கார்டு இந்தப் பொருத்தத்தைக் கலைத்துவிடப் போதும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்கூடம். கேமராக்களை இணைக்கும் ஃபைபர் காலையில் நன்றாக வேலை செய்யும். வெயில் ஏறியதும் விட்டுவிட்டு அறுந்துபோகும். சாயங்காலம் தானாகச் சரியாகிவிடும். அங்கிருந்த இளைஞர் ஒருவர் என்னிடம், “அண்ணா, லைட் வருது, டேட்டாதான் வரல. ரெண்டு பக்கமும் கனெக்டர் மாத்திட்டோம், சுவிட்சையே மாத்திட்டோம்” என்றார். கேபிள் எங்கே போகிறது என்று கேட்டேன். தகரக் கூரைக்குக் கீழே, கேபிள் தட்டு வழியாக என்றார். இருவரும் ஏணி போட்டு ஏறினோம். தட்டு திரும்பும் மூலையில் கேபிளை இழுத்து வைத்து, பிளாஸ்டிக் டையால் இறுக்கக் கட்டியிருந்தார்கள். அந்த இடத்தில் கேபிளின் மேலுறையில் ஒரு பள்ளமே விழுந்திருந்தது. வெயிலில் உறை விரிகிறது, டை விடவில்லை, உள்ளே இழை நசுங்கி நெளிகிறது. கண்ணுக்குத் தெரியும் வளைவு ஒன்று, தெரியாத நுண்நெளிவு ஒன்று, இரண்டும் ஒரே இடத்தில். டையை வெட்டி, கேபிளைத் தளர்த்தி, அகலமான வளைவாகத் திருப்பி, வெல்க்ரோ பட்டை போட்டோம். “இவ்ளோதானா ணா?” என்றார் அவர். அவ்வளவுதான். அன்று பிற்பகல் முழுவதும் படம் விடாமல் வந்தது.

கேபிளை எவ்வளவு வளைக்கலாம் என்பதற்குப் பழகிய விதி ஒன்று உண்டு: இழுத்துப் பதிக்கும்போது கேபிள் பருமனின் 20 மடங்கு ஆரம், பதித்து முடித்தபின் 10 மடங்கு. கேபிள் தயாரிப்பாளர் வேறு எண் கொடுத்திருந்தால் அதைப் பின்பற்றுங்கள். கொடுக்கவில்லையென்றால் இதைவிட நல்ல காவல் கிடையாது.

இப்போது சிலர் கேட்கலாம்: ஐயா, வளைத்தாலும் ஒளியை விடாத இழைகள்தான் வந்துவிட்டனவே? ஆம், வந்துவிட்டன. 2009இல் கார்னிங் நிறுவனம் அப்படிப்பட்ட மல்டிமோடு இழையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். கோரைச் சுற்றி, ஒளிவிலகல் எண் குறைந்த ஒரு வளையத்தை அகழிபோல் அமைத்து, வெளியேறப் பார்க்கும் விளிம்பு மோடுகளை அது திருப்பி அனுப்புகிறது. 7.5 மில்லிமீட்டர் ஆரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினாலும் இழப்பு 0.2 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்பது அதற்கான வரையறை. அருமையான கண்டுபிடிப்பு. நெருக்கமான ரேக்குகளில் நான் அதைத்தான் சிபாரிசு செய்வேன்.

ஆனால் ஒளி தப்பித்துவிட்டது என்பதற்காகக் கண்ணாடியும் தப்பித்துவிட்டதா? இல்லை தோழர்களே, இல்லை! வளைந்த கண்ணாடியின் வெளிப்பக்கம் இழுபட்டுக்கொண்டே இருக்கிறது. 1 சென்டிமீட்டர் ஆரத்தில் வளைத்தால் அந்தப் பரப்பு 0.6 விழுக்காடு நீட்சியைத் தாங்குகிறது. கண்ணாடியின் மேற்பரப்பில் எப்போதும் நுண்ணிய கீறல்கள் இருக்கும். இழுவிசையும் ஈரமும் சேர்ந்தால் அந்தக் கீறல்கள் மெல்ல மெல்ல ஆழமாகும். நம் கடற்கரைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? பழைய இழையில் தவறான வளைவு இருந்தால் உடனே ஒளி குறையும், மீட்டர் காட்டிக்கொடுக்கும். புதிய இழையில் மீட்டர் எல்லாம் சரி என்று சொல்லும். உள்ளே கீறல் வளர்ந்துகொண்டிருக்கும். சில ஆண்டுகள் கழித்து ஒருநாள் இழை முறியும். வளைவைத் தாங்கும் இழையைப் போட்ட இடத்தில்தான் கண்ணால் பார்த்துச் சோதிக்கும் பழக்கம் கூடுதலாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இன்னொன்று: நான் சொன்னேனே, ஐந்து சுற்று உருளை, அது இந்த இழையிடம் சரிவரப் பலிக்காது. விளிம்பு மோடுகள் உதிர மறுக்கும். எனவே சோதனைக்கு, ஒளி பரவும் விதம் வரையறுக்கப்பட்ட ஒளிமூலத்தைப் பயன்படுத்துங்கள்.

துறைமுகத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டடத்துக்குள் இழையை ஒருமுறை வளைத்து விட்டுவிடுகிறோம். கப்பல்மேடையில் ஓடும் பெரிய கிரேன்களுக்கோ ராட்டினத்தில் சுற்றியவிழும் கேபிள் இருக்கிறது. அத்தகைய கேபிள்களை, மின்கம்பிகளோடு மல்டிமோடு இழைகளையும் உள்ளே வைத்தே தயாரிக்கிறார்கள். கிரேன் நகரும் ஒவ்வொரு முறையும் இழை வளைகிறது, நிமிர்கிறது, மறுபடி வளைகிறது. அங்கே ஒருநாள் அளவீடு எதையும் சொல்லாது. ராட்டினம் முழுக்கச் சுற்றியிருக்கும்போது ஒருமுறை, முழுக்க அவிழ்ந்திருக்கும்போது ஒருமுறை அளந்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மாதாமாதம் குறித்து வாருங்கள். அந்த வித்தியாசம் வளர்கிறதென்றால் கேபிள் பேசத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

இதுவரை வளைவைப் பகையாகவே பார்த்தோம். இனி, அதே வளைவைக் காவலுக்கு வைக்க முடியுமா என்று கேட்போம்.

முடியும். 1980இல் ஃபீல்ட்ஸ், கோல் என்னும் ஆய்வாளர்கள் பற்கள் வைத்த இரு தட்டுகளுக்கிடையே மல்டிமோடு இழையை வைத்தார்கள். நீருக்குள் வரும் ஒலி தட்டை அழுத்தியது. தட்டு இழையை நெளித்தது. நெளிவில் ஒளி குறைந்தது. ஒளியின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து ஒலியை அறிந்தார்கள். பிறகு ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைடு பல்கலைக்கழகத்தில் இதே தத்துவத்தை எண்ணெய்க் கசிவுக்குக் கொண்டுவந்தார்கள். எண்ணெய் பட்டால் உப்பும் பாலிமர் பூசிய ஒரு தண்டு, அதன்மேல் இழை, இரண்டையும் சேர்த்துச் சுருளாகச் சுற்றிய உறுதியான நூல். கசிவு பட்ட இடத்தில் பாலிமர் உப்பி, இழையை நூலோடு அழுத்தி நெளிக்கிறது. ஒரு முனையிலிருந்து துடிப்பு ஒளியை அனுப்பித் திரும்பி வருவதை அளக்கும் ஓ.டி.டி.ஆர். கருவி, எத்தனையாவது மீட்டரில் ஒளி குறைந்தது என்று சொல்லிவிடுகிறது. கசிவு எங்கே என்பது தெரிந்துவிடுகிறது.

இதை நான் இங்கே, திருவொற்றியூரில் நின்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதின, எண்ணெய் நம் கரையில் ஒதுங்கியது, வாளியில் அள்ளினோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்துக்குள் புகுந்தது. படகும் வலையும் கறுத்தன. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில், கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். எந்தக் கருவி அவர்களை எழுப்பியது? அவர்களுடைய மூக்கும் கண்ணும்தான் எழுப்பின.

கப்பல்கள் மோதுவதை இழை தடுக்காது. புயல் வெள்ளத்தையும் தடுக்காது. ஆனால் குழாய்கள்? எண்ணெயும் எரிவாயுவும் வேதிப்பொருளும் ஓடும் குழாய்களோடு கூடவே ஓர் இழையைப் பதிக்க முடியும். திரவ அம்மோனியா மைனஸ் 33 டிகிரியில் கொதிக்கும் பொருள். கசிந்தால் சுற்றுப்புறத்தைக் குளிர்விக்கும். 1980களில் இங்கிலாந்தில் உருவாகி வளர்ந்த வெப்ப அளவீட்டு முறை ஒன்று, பல கிலோமீட்டர் மல்டிமோடு இழையின் ஒவ்வொரு மீட்டரிலும் வெப்பநிலை என்ன என்று சொல்கிறது. நிலக்கரி கன்வேயர்களில் தீ எங்கே மூள்கிறது என்பதை அறியவும் உலகின் பல இடங்களில் இதைத்தான் வைத்திருக்கிறார்கள். இழையின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் இரண்டு நிறங்களில் ஒளி சிதறித் திரும்புகிறது. அந்த இரண்டின் விகிதம்தான் வெப்பநிலையைச் சொல்கிறது.

இங்கேயும் வளைவு குறுக்கே வருகிறது. ஒரு மூலையில் இழை நசுங்கி, ஒரு நிறத்தைச் சற்று அதிகமாகவும் மற்றதைச் சற்றுக் குறைவாகவும் பறித்துவிட்டால், அதற்கப்பால் உள்ள எல்லா மீட்டர்களுக்கும் கருவி பொய்யான வெப்பநிலையைக் காட்டும். குளிராத இடத்தைக் குளிர்ந்தது என்னும். குளிர்ந்த இடத்தைக் கவனிக்காமலும் விடலாம். இழையை வளையமாகப் பதித்து இரு முனைகளிலிருந்தும் அளந்தால் இந்தப் பிழையைப் பெருமளவு களையலாம். இரட்டிப்பு இழை, கூடுதல் செலவு. ஊருக்குள் செல்லும் குழாய்க்கு அந்தச் செலவைச் செய்யத்தான் வேண்டும். ஒற்றை முனை போதும் என்று மிச்சம் பிடிக்கும் இடம் அதுவல்ல.

ஆகவே குழாய்ப் பாதுகாப்புப் பற்றிய கருத்துக்கேட்புக் கூட்டங்களுக்குப் போகும்போது நீங்கள் கேட்க வேண்டியவை: குழாயோடு உணர்விழை இருக்கிறதா? இருக்கிறதென்றால், பதித்த அன்று எடுத்த ஓ.டி.டி.ஆர். வரைபடம் எங்கே? அதில் ஒவ்வொரு வளைவும் மீட்டர் எண்ணோடு குறிக்கப்பட்டிருக்கிறதா? இந்த ஆண்டு எடுத்த வரைபடத்தை அதனோடு ஒப்பிட்டவர் யார்? மீனவ கிராமத்துச் சங்கமும் இதைக் கேட்கலாம், பள்ளி மாணவரும் கேட்கலாம். இந்தக் கேள்விகளுக்குப் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை.

ஓ.டி.டி.ஆர். கருவி ஒன்றை மேடையின் இடப்பக்கம் வைத்திருக்கிறோம். அதனோடு ஒரு கிலோமீட்டர் மல்டிமோடு இழைச் சுருளும், வெவ்வேறு குறுக்களவுள்ள உருளைகளும் இருக்கின்றன. மாணவர்கள் முதலில் வாருங்கள். இழையை நீங்களே சுற்றி, வரைபடம் எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். பெரியவர்கள் கேள்விகளைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுக்கலாம்; கடைசிச் சீட்டுக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் நான் கிளம்புவேன்.